ஆட்டிசமும் திரையும்: சமூக, உணர்வு வளர்ச்சிக்குத் தொழில்நுட்பம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

2000-களின் நடுவில், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹனின் ஆய்வுக் குழு, ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்காக ஓர் அசைபடத் தொடரை உருவாக்கியது. பெயர் 'தி டிரான்ஸ்போர்ட்டர்ஸ்'. பாத்திரங்கள் எல்லாமே வாகனங்கள். தண்டவாளத்தில் ஓடும் டிராம், கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி என்று, போகிற பாதை முன்பே தீர்மானமாகிவிட்ட வண்டிகள். ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் உண்மையான மனித முகம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அந்த முகம் மகிழும், பயப்படும், பொறாமைப்படும், வெட்கப்படும். மொத்தம் 15 அத்தியாயங்கள், 15 உணர்வுகள்.

ஏன் வண்டிகள்? ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சக்கரமும் தண்டவாளமும் அலுக்காத விஷயங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவற்றில் ஊகிக்க முடியும். மனித முகம் அப்படி இல்லை. ஒரே நொடியில் பத்து விதமாக மாறும், காரணமும் சொல்லாது. எனவே குழந்தை ஆசையோடு பார்க்கிற பொருளின் மேலேயே, அது பார்க்கத் தயங்குகிற முகத்தை வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனைதான்.

4 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகள் இதை நான்கு வாரம் தினமும் பார்த்த பிறகு, உணர்வுகளை அடையாளம் காணும் தேர்வில் ஆட்டிசம் இல்லாத குழந்தைகளுக்கு நிகராக வந்தார்கள் என்று 2010-இல் வெளியான ஆய்வு சொன்னது. பின்னர் ஆஸ்திரேலியாவில், அறிவுத்திறன் சார்ந்த சிரமங்களும் சேர்ந்திருந்த குழந்தைகளிடம் இதே தொடரைச் சோதித்தார்கள். ஓரிரு உணர்வுகளைத் தாண்டிப் பெரிய பலன் தெரியவில்லை. பிறரோடு பழகும் திறனில் மாற்றமே இல்லை.

ஆட்டிசம், தொழில்நுட்பம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வரும் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் இதே சிக்கல் தலைகாட்டும். திரைக்குள் ஒரு குழந்தை கற்பது வேறு, கற்றது திரைக்கு வெளியே வருவது வேறு. ஒரு செயலியையோ கருவியையோ எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இந்த இரண்டாவது விஷயம்தான். இந்தக் கட்டுரை முழுவதும் அதையே வைத்துப் பார்க்கிறது.

எதை வளர்க்கப் பார்க்கிறோம்?

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் ஒரு வேறுபாடு. உலக அளவில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சரளமாகப் பேசி, பட்டம் பெற்று, வேலை பார்ப்பவர்களும் அவர்களில் உண்டு. வாழ்நாள் முழுக்க ஒரு சொல்கூடப் பேசாதவர்களும் உண்டு. 'ஆட்டிசத்துக்கு நல்ல செயலி எது?' என்ற கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

சமூக, உணர்வு வளர்ச்சி என்று சொல்லும்போது முகத்தைப் பார்த்து 'இவர் கோபமாக இருக்கிறார்' என்று சொல்வது மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது ஒரு சிறு பகுதி. அதற்கும் முன்னால் இணைந்த கவனம் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் சுட்டிக்காட்டும் பறவையைக் குழந்தை பார்க்கிறது, பிறகு உங்களைத் திரும்பிப் பார்க்கிறது. 'நாம் இருவரும் ஒன்றையே பார்க்கிறோம்' என்ற அந்த உணர்வுதான் மொழிக்கும் நட்புக்கும் அடித்தளம். தன் உடலுக்குள் நடப்பதைப் படிப்பதும் இதில் சேரும். நெஞ்சு படபடப்பது பயத்தாலா, பசியாலா, சட்டைக் காலர் உறுத்துவதாலா? ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தம் உணர்வை அடையாளம் கண்டு பெயர் சொல்வதே கடினம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தன் கோபத்துக்கே பெயர் தெரியாத குழந்தையிடம் அட்டையில் இருக்கும் யாரோ ஒருவரின் கோபத்தைக் காட்டி என்ன பயன்? கொந்தளிப்பு வரும்போது தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்வது, 'வேண்டாம்' என்று சொல்வது, விளையாட்டில் சேர்வது, விளையாட்டிலிருந்து விலகுவது எல்லாமே இந்த வளர்ச்சியில் அடங்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருப்பது போலவே, மற்றவர்களுக்கும் ஆட்டிசம் உள்ளவரைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்கிறது; முறிவு இருவருக்கும் நடுவில் நிகழ்கிறது என்றார் அவர். இதை ஏற்றுக்கொண்டால் தொழில்நுட்பத்தின் வேலையும் மாறிவிடுகிறது. குழந்தையைத் திருத்துவது மட்டுமே நோக்கமாக உள்ள கருவி பாதி வேலையைத்தான் செய்கிறது. குழந்தை என்ன உணர்கிறது என்பதை நமக்குச் சொல்லும் கருவியும் வேண்டும்.

கண்ணைப் பார்த்தால் நட்சத்திரம் தரும் செயலிகளை இந்தக் காரணத்தாலேயே நான் ஒதுக்குவேன். நேருக்கு நேர் கண் பார்ப்பது தங்களுக்கு வேதனையாக இருக்கிறது, பார்த்தால் பேசுவதைக் கேட்க முடிவதில்லை என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டிசம் இல்லாதவர் போல நாள் முழுக்க நடித்துக்கொண்டிருப்பது மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புடையது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

திரை ஏன் பிடிக்கிறது?

ஒரு காணொளியை நூறு முறை ஓட்டினாலும் அது சலித்துக்கொள்ளாது. குரலை உயர்த்தாது. ஒரே பொத்தானை அழுத்தினால் ஒரே பதில் வரும். ஒலியைக் குறைக்கலாம், படத்தை நிறுத்தலாம், பின்னால் போகலாம். ஒளியும் ஓசையும் தொடுகையும் சட்டென்று தாங்க முடியாதவையாகிவிடும் ஒரு குழந்தைக்கு இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லத் தேவையில்லை. தவிர, பேச்சு வந்த வேகத்தில் மறைந்துவிடும். படம் கண்முன்னே நிற்கும்.

ஆனால் மனிதர்கள் யாரும் இப்படி நடந்துகொள்வதில்லை. திரையின் பலம் எதுவோ அதுவே அதன் எல்லையும் ஆகிறது. ஊகிக்கக்கூடிய உலகத்தில் பழகியதை ஊகிக்க முடியாத உலகத்துக்குக் கொண்டுசெல்ல, இடையில் ஒரு மனிதர் வேண்டும்: பெற்றோரோ, ஆசிரியரோ, அக்காவோ, பக்கத்து இருக்கை நண்பனோ.

முதலில் குரல்

சமூக வளர்ச்சிக்கு உதவும் தொழில்நுட்பங்களில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயங்காமல் மாற்றுத் தொடர்புக் கருவிகளைத்தான் தேர்ந்தெடுப்பேன். டேப்லெட் திரையில் படங்கள் இருக்கும். குழந்தை 'போதும்' என்ற படத்தைத் தொட்டால் கருவி 'போதும்' என்று பேசும். அவ்வளவுதான். கேட்க மிக எளிமையாக இருக்கிறது. ஆனால் சொல்ல வழியில்லாததால் அழுதும் அடித்தும் தலையை முட்டியும் சொல்லிக்கொண்டிருந்த குழந்தைக்கு அந்த ஒரு சொல் பெரிய விடுதலை. பிறர் உணர்வைப் படிக்கக் கற்பதற்கு முன்னால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லக் கற்பது நல்லது.

இதற்குத் திரைதான் வேண்டும் என்பதும் இல்லை. 1985-இல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் அமெரிக்காவில் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை வெறும் அட்டைகளால் ஆனது. வேண்டிய பொருளின் படத்தைக் குழந்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். 'கையில் கொடுப்பது' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு மனிதரை நோக்கிப் போகாமல் பேச்சு நிறைவேறாது என்பதை அந்தச் செய்கையே கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிறகு 2009-இல் ப்ரோலோகோடூகோ என்ற பேசும் செயலி, அடுத்த ஆண்டு ஐபேட் என்று வந்ததும் விலை உயர்ந்த தனிக் கருவிகளின் இடத்தைச் செயலிகள் பிடித்தன. அவாஸ் போன்ற சில செயலிகள் தமிழிலும் பேசுகின்றன. இது சிறிய விஷயம் அன்று. வீட்டில் ஒரு மொழி, கருவியில் வேறொரு மொழி என்றால் குழந்தை பாட்டியிடம் எதைச் சொல்லும்?

பெற்றோருக்கு வரும் முதல் பயம்: 'கருவியைப் பழக்கினால் பிறகு வாய் திறந்து பேசவே மாட்டானோ?' இந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. மாற்றுத் தொடர்பு முறைகள் பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடவே செய்கிறது என்பதுதான் தொடர்ந்து கிடைக்கும் முடிவு. 2014-இல் கானி கசாரியின் குழு, மிகக் குறைவாகவே பேசும் 5 முதல் 8 வயது வரையுள்ள 61 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. எல்லோருக்கும் ஒரே விளையாட்டுவழிப் பயிற்சிதான். ஆனால் ஒரு பிரிவுக்குத் தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியும் இருந்தது. அந்தப் பிரிவுக் குழந்தைகள் தாமாக முன்வந்து சொல்லும் சொற்கள் மற்றப் பிரிவைவிட அதிகமாயின.

அந்த ஆய்வில் கருவியைக் குழந்தையின் மடியில் வைத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விடவில்லை. உடன் விளையாடியவர்களும் அதே கருவியைத் தொட்டுப் பேசினார்கள். வீட்டிலும் இதுதான் வழி. 'மழை வருகிறது' என்று வாயால் சொல்லும்போதே கருவியில் 'மழை' என்ற படத்தையும் தொடுங்கள். குழந்தை பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. நம் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தானே எல்லாக் குழந்தைகளும் பேச்சைக் கற்கின்றன? கருவியின் மொழியையும் அப்படித்தான் நாம் பேசிக் காட்ட வேண்டும். 'இது என்ன, தொட்டுக் காட்டு' என்று நாள் முழுவதும் தேர்வு வைத்தால் கருவி வெறுத்துப்போகும். தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைப்பது அதைவிட மோசம். குறும்பு செய்கிற பேசும் குழந்தையின் வாயை யாரும் கட்டிவிடுவதில்லை.

உணர்வுச் சொற்களுக்கு ஒரு சிறு யோசனை. 'மகிழ்ச்சி, சோகம், கோபம்' என்ற மூன்று மஞ்சள் முகங்களோடு நிறுத்திவிடாதீர்கள். 'சத்தம் அதிகம்', 'பயமாக இருக்கிறது', 'உடம்பு சரியில்லை', 'தனியாக விடு', 'மறுபடியும்', 'நீயும் வா' ஆகியவை வாழ்க்கையில் இன்னும் அதிகமாகப் பயன்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குழந்தையின் கையையோ மணிக்கட்டையோ முழங்கையையோ ஒருவர் பிடித்துக்கொண்டு எழுத்துகளைத் தொட வைக்கும் முறை ஒன்று உண்டு. எழுத்துப் பலகையை ஒருவர் முன்னால் பிடித்துக்கொண்டு தூண்டும் வகைகளும் உண்டு. 1990-களில் இதைச் சோதித்தார்கள். குழந்தைக்கு ஒரு படத்தையும் கையைப் பிடிப்பவருக்கு வேறு ஒரு படத்தையும் காட்டியபோது, எழுத்தில் வந்தது கையைப் பிடித்தவர் பார்த்த படம். அவர் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. தன்னை அறியாமலே நகர்த்தியிருக்கிறார். அமெரிக்கப் பேச்சு, மொழி, செவிப்புலச் சங்கம் 2018-இல் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. தன் விரலால், பிறர் தூண்டாமல், குழந்தையே தொடுவதுதான் குழந்தையின் குரல்.

கைப்பேசிக் கேமரா போதும்

அதிகம் பேசப்படாத, ஆனால் ஆதாரம் உறுதியாக உள்ள இன்னொரு முறை காணொளி வழி மாதிரி காட்டுதல். ஒரு செயலை ஒருவர் செய்வதைச் சிறு காணொளியாக எடுத்து, குழந்தைக்குக் காட்டி, உடனே அதைச் செய்துபார்க்க வாய்ப்பு தருவது. 2000-இல் மார்ஜரி சார்லப்-கிறிஸ்டி குழுவினர் இதையும் நேரில் செய்துகாட்டுவதையும் ஒப்பிட்டார்கள். காணொளி மூலம் பெரும்பாலான குழந்தைகள் விரைவாகக் கற்றார்கள், கற்றதை வேறு இடங்களிலும் செய்தார்கள். நேரில் காட்டும்போது குழந்தை எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திணறலாம். காணொளியில் பார்க்க வேண்டியது மட்டும்தான் சட்டகத்துக்குள் இருக்கும்.

ஊஞ்சலில் முறை காத்திருப்பதை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்குத் தெரிந்த இன்னொரு பையன் ஊஞ்சல் அருகே வருகிறான், நிற்கிறான், 'அடுத்து நான்' என்கிறான், பத்து எண்ணும் வரை காத்திருக்கிறான், ஏறுகிறான். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பின்னணி இசை வேண்டாம், மின்னும் எழுத்து வேண்டாம். வெளியே கிளம்புவதற்கு முன் இரண்டு முறை காட்டிவிட்டு நேராக ஊஞ்சலுக்குப் போங்கள். குழந்தையே சரியாகச் செய்த ஒரு தருணம் கேமராவில் சிக்கியிருந்தால் அதைக் காட்டுவது இன்னும் நல்லது. தன்னைத் தானே வெற்றியாளராகப் பார்ப்பதில் ஒரு தனிச் சுவை இருக்கிறது. சரியாகச் செய்யாத காட்சியைக் காட்டித் திருத்தப் பார்ப்பது கூடாது. காட்டுவது எதுவோ அதுவே மனதில் பதியும்.

கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சமூகக் கதைகளையும் இப்போது கைப்பேசியிலேயே படங்களோடு செய்துவிடலாம். பல் மருத்துவரிடம் போவது, பிறந்தநாள் விழாவுக்குப் போவது என்று ஒரு சூழலை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன நடக்கும், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள், குழந்தைக்கு என்ன செய்ய முடியும் என்று சில எளிய வாக்கியங்களில் சொல்வது. உண்மையான இடத்தின் படங்களே இருக்கட்டும். 'நீ இப்படிச் செய்ய வேண்டும்' என்ற கட்டளைகள் நிறைந்தால் அது கதை இல்லை, சட்டப் புத்தகம்.

கொந்தளிப்புக்கு முன்னும் பின்னும்

பல குழந்தைகளின் கொந்தளிப்புக்குக் காரணம் 'அடுத்து என்ன?' என்பது தெரியாததுதான். நாளின் வேலைகளைப் படமாக வரிசைப்படுத்திக் காட்டும் அட்டவணைச் செயலியும், மீதி நேரத்தைச் சுருங்கும் வண்ணப் பட்டையாகக் காட்டும் கடிகாரமும் இதற்கு நேரடி மருந்து. 'இன்னும் ஐந்து நிமிடம்' என்ற வாக்கியம் பல குழந்தைகளுக்கு ஒன்றும் சொல்வதில்லை. சிவப்புப் பட்டை சுருங்கி மறைவது சொல்கிறது.

உணர்வை நிறத்தால் குறிக்கும் செயலிகளும் பரவலாக உள்ளன: சோர்வுக்கு நீலம், நிதானத்துக்குப் பச்சை, பதற்றத்துக்கு மஞ்சள், கட்டுமீறியதற்குச் சிவப்பு. காலை, மாலை இரு வேளையும் குழந்தை தன் நிறத்தைத் தொட, அதே நேரத்தில் நீங்களும் உங்கள் நிறத்தைத் தொடுங்கள். 'இன்று எனக்கு மஞ்சள், தலை வலிக்கிறது' என்று பெரியவர் சொல்லிக் கேட்பதுதான் பாடம். சிவப்பு கெட்ட நிறம் என்ற எண்ணத்தைக் குழந்தைக்கு ஏற்படுத்திவிட்டால், அது எப்போதும் பச்சையையே தொடும்.

மணிக்கட்டில் அணியும் கருவிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதயத் துடிப்பையும், வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மையில் ஏற்படும் மாற்றத்தையும் அவை அளக்கும். வெளியே அமைதியாகத் தெரியும் குழந்தையின் உடல் உள்ளே பதறிக்கொண்டிருப்பதை இவை காட்டலாம். ஆக்ரோஷமான நடத்தையை ஒரு நிமிடம் முன்னதாகக் கணிக்க முடியுமா என்று 2019-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து ஓரளவு வெற்றியும் கண்டார்கள். ஆனால் குதித்து விளையாடினாலும் வியர்க்கும், பயந்தாலும் வியர்க்கும். எண் ஏறியதும் 'உனக்குக் கோபம்' என்று குழந்தையிடம் சொல்வது தவறு. அதன் உடல் சொல்வதை அதுவே கவனிக்க உதவுவதுதான் நோக்கம்.

ரோபோ, கண்ணாடி, மெய்நிகர் அறை

செய்தித்தாள்களில் அதிகம் வருபவை இவைதான். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2005 முதல் உருவாகிவந்த காஸ்பர் என்ற ரோபோ குழந்தை அளவில் இருக்கும். முகம் வேண்டுமென்றே எளிமையாக்கப்பட்டது. அழுத்திக் கிள்ளினால் 'வலிக்கிறது' என்று முகத்தை மூடிக்கொள்ளும். எந்த அழுத்தத்தில் தொட்டால் பிறருக்கு வலிக்கும் என்பதைப் பதற்றமில்லாமல் கற்க இது ஒரு வழி.

2018-இல் யேல் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்கசெலாட்டி குழுவினர் 12 குடும்பங்களின் வீட்டில் ஒரு ரோபோவை ஒரு மாதம் வைத்தார்கள். தினமும் அரை மணி நேரம் குழந்தையும் பெற்றோரும் ரோபோவும் சேர்ந்து விளையாட்டு. இணைந்த கவனத்தில் முன்னேற்றம் தெரிந்தது. குழந்தைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவது கூடியதாகப் பெற்றோர்கள் சொன்னார்கள். ரோபோவை எடுத்துச் சென்ற ஒரு மாதத்துக்குப் பிறகு அளந்தபோது முன்னேற்றத்தில் ஒரு பகுதி கரைந்திருந்தது. அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது ரோபோவைவிட அதன் விளையாட்டு அமைப்புதான். மேசையில் பெற்றோருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். எதிரே இருப்பவரின் முகத்தில் தெரியும் உணர்வை அடையாளம் கண்டு கண்ணாடி குறிப்பு தரும். 6 முதல் 12 வயது வரையுள்ள 71 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. வழக்கமான பயிற்சியோடு இந்தக் கண்ணாடியையும் பயன்படுத்தியவர்கள் சமூகப் பழக்கத்தை அளக்கும் ஓர் அளவீட்டில் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள். சரி, அதை வாங்கலாமா? கூகுள் அந்தக் கண்ணாடியின் விற்பனையை 2023-இல் நிறுத்திவிட்டது. யேல் ஆய்வில் பயன்பட்ட ஜீபோ என்ற ரோபோவைத் தயாரித்த நிறுவனமும் மூடப்பட்டுவிட்டது. ஒரு குழந்தை மனம் ஒன்றிப் பழகிய கருவி, எங்கோ ஒரு நிறுவனம் கணக்கை முடித்ததும் வாயடைத்துப் போகும். மாற்றமே பெரும் சோதனையாக இருக்கும் குழந்தைக்கு இது சின்ன விஷயமா? புதிய கருவிகளில் இறங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

மெய்நிகர் சூழலில் எனக்கு நம்பிக்கை தருவது பயங்களைக் கையாளும் வேலை. நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுவர்களெங்கும் காட்சி விரியும் ஓர் அறையில் குழந்தைகள் பயப்படும் சூழலைச் சிறுகச் சிறுக உருவாக்கினார்கள். தலையில் எதையும் மாட்ட வேண்டியதில்லை. பக்கத்திலேயே உளவியலாளர் நிற்பார். கூட்டமான பஸ், புறா, கடையில் பேசுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பயம். 2014-இல் வெளியான முதல் ஆய்வில் இருந்தது 9 சிறுவர்கள்தான். அவர்களில் 8 பேர் முன்பு தாங்க முடியாத சூழலை ஓரளவாவது சமாளிக்கத் தொடங்கினார்கள், 4 பேருக்குப் பயமே போய்விட்டது. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் பலனை அறைக்குள் அளக்காமல், நிஜமான பஸ்ஸிலும் நிஜமான கடையிலும் அளந்தார்கள்.

விளையாட்டும் நட்பும்

இணைய விளையாட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் ஆட்கிராஃப்டைப் பற்றி அறிந்துகொள்ளலாம். மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவும் அவர்களின் குடும்பங்களுக்காகவும் கனடாவின் ஸ்டூவர்ட் டங்கன் 2013-இல் தொடங்கிய தனித் தளம் அது. மற்றத் தளங்களில் குழந்தைகள் கேலிக்கு ஆளானதுதான் அதைத் தொடங்கக் காரணம். அங்கே யாரும் யாரையும் கண்ணைப் பார்க்கச் சொல்வதில்லை. தட்டச்சு செய்து பேசுகிறார்கள், சேர்ந்து வீடு கட்டுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள். இதை நட்பு என்று ஏற்க மறுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பதின்பருவத்தினருக்கு, சமூகத் திறன் வகுப்பு எதையும்விட, தமக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்த இன்னொருவர் கிடைப்பது பெரிது. கண்காணிப்பு உள்ள, அறிமுகமில்லாதவர்கள் எளிதில் நுழைய முடியாத தளமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகள் இப்போது உரையாடல் பயிற்சிக்குப் பயன்படத் தொடங்கியிருக்கின்றன. வேலைக்கான நேர்காணலை ஒத்திகை பார்க்க, ஒரு குறுஞ்செய்தியின் தொனி புரியாதபோது கேட்க, அவை உதவும். ஆனால் அவை எதற்கும் தலையாட்டும், அலுக்காது, கோபித்துக்கொண்டு எழுந்து போகாது. மனிதரோடு பேசும் அலைச்சலைத் தவிர்க்க அதிலேயே தங்கிவிடும் இளைஞருக்கு அது உதவியாக இருக்காது. முகத்தைப் படம்பிடித்து உணர்வைக் கணிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். ஒரே உணர்வு எல்லோர் முகத்திலும் ஒரே விதமாகத் தெரிவதில்லை என்று லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019-இல் விரிவாகக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ளவர்களின் முகபாவமோ பெரும்பாலும் இன்னும் வேறு விதமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2025 பிப்ரவரி முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களைத் தவிர, பள்ளிகளிலும் பணியிடங்களிலும் உணர்வைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்திருக்கிறது.

எங்கே தொடங்குவது?

செயலிக் கடையில் தேடாதீர்கள். குழந்தையின் ஒரு நாளில் தேடுங்கள். எந்த வேளையில் எல்லோரும் சிரமப்படுகிறீர்கள்? தொலைக்காட்சியை அணைக்கும்போதா, பள்ளிக்குக் கிளம்பும்போதா, மற்றக் குழந்தைகள் வீட்டுக்கு வரும்போதா? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு உதவும் மிக எளிய கருவி எது என்று பேச்சுப் பயிற்சியாளரிடமோ சிறப்பாசிரியரிடமோ கேளுங்கள். குழந்தை பேசக்கூடியதாக இருந்தால் அதனிடமும் கேளுங்கள். இதை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். விலை அதிகம் என்பது தரத்துக்குச் சான்றில்லை. 'ஆட்டிசத்தைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்தால் அந்த வாசலில் நிற்கவே வேண்டாம். குழந்தையின் குரலும் படமும் எங்கே சேமிக்கப்படுகின்றன, அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்பதையும் பாருங்கள்.

திரை நேரம் பற்றிய கவலை நியாயமானதே. 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உட்கார்ந்து பார்க்கும் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. ஆனால் பேசும் கருவியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வசதி இருந்தால் அதைத் தனி டேப்லெட்டில் வையுங்கள். அதே டேப்லெட்டில் கார்ட்டூனும் இருந்தால் பேச்சு தோற்றுவிடும்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், தேர்ந்தெடுத்த அந்த ஒரு விஷயத்தை மட்டும் நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை முறை கொந்தளிப்பு, எவ்வளவு நேரம், எத்தனை முறை தானாக வந்து கேட்டது. பிறகு ஒன்றரை மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கருவி மூடியிருக்கும் நேரத்தில் மறுபடியும் ஒரு வாரம் குறியுங்கள். எண்கள் அசைந்திருந்தால் தொடருங்கள், பள்ளிக்கும் அதே முறையைச் சொல்லிவிடுங்கள். அசையவில்லை என்றால், செயலிக்குள் எத்தனை நட்சத்திரங்கள் சேர்ந்திருந்தாலும் அதை நீக்கிவிட்டு வேறு வழி பாருங்கள்.